நகர மையங்களில் புகை குறைந்த வாகன மண்டலம்: வண்டி ஓட்டுபவர்கள் அறிய வேண்டியவை என்ன? நம் மாவட்டத்துக்கு இது பொருந்துமா?

சுங்கான்கடை வாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் மகளும் மருமகனும் லண்டனுக்கு மேற்கே ஸ்லவ் நகரில் வசிக்கிறார்கள். வரும் கோடையில் நானும் மனைவியும் அங்கே செல்லவிருக்கிறோம். மருமகனிடம் 2013-இல் பதிவான டீசல் கார் இருக்கிறது. அந்தக் காரில் ஹீத்ரோ விமான நிலையத்துக்கு வந்து எங்களை அழைத்துச் செல்வதற்கே பன்னிரண்டரைப் பவுண்டு கட்ட வேண்டியிருக்கும் என்று சொன்னார். சுங்கச்சாவடியும் தடுப்பும் இல்லாத சாலையில் எப்படி வசூலிக்கிறார்கள், எந்த வண்டிக்கு வசூலிக்கிறார்கள், கட்டத் தவறினால் என்ன ஆகும் என்பவற்றை அங்கே வண்டி ஓட்டுபவர்கள் விளக்கினால் நன்றாக இருக்கும்.

இன்னொரு கேள்வி நம் ஊரைப் பற்றியது. தில்லியில் பழைய வண்டிகளுக்குத் தடை, ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் என்று செய்திகள் வந்துகொண்டே இருக்கின்றன. கன்னியாகுமரிக் கடற்கரைச் சாலையிலோ, நாகர்கோவில் மணிமேடைப் பகுதியிலோ, மார்த்தாண்டத்திலோ இப்படியொரு ஏற்பாடு வருமானால் பழைய வண்டி வைத்திருப்பவர்களின் நிலை என்ன? ஆதரவானாலும் எதிர்ப்பானாலும் காரணத்தோடு எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன்.

பர்மிங்காம் செவிலி எழுதியது:

ஐயா, வணக்கம். எனக்குச் சொந்த ஊர் கருங்கல். பர்மிங்காமில் மருத்துவமனைப் பணியில் இருக்கிறேன். தங்கை லண்டனில் இருப்பதால் இரண்டு நகரங்களின் விதிகளோடும் பழக்கம் உண்டு.

லண்டனில் உள்ள மிகக் குறைந்த புகை மண்டலத்தைச் சுருக்கமாக யூலெஸ் என்பார்கள். 2019 ஏப்ரல் 8 அன்று நகரின் நடுப்பகுதியில் மட்டும் தொடங்கி, 2021 அக்டோபரில் வடக்கு, தெற்கு வட்டச் சாலைகள் வரை விரிந்து, 2023 ஆகஸ்ட் 29 முதல் பெருநகர லண்டனின் எல்லா வட்டாரங்களையும் அது உள்ளடக்கிவிட்டது. ஹீத்ரோ அதற்குள் இருக்கிறது, ஸ்லவ் வெளியே இருக்கிறது, எம்25 சுற்றுச்சாலை மண்டலத்தில் சேராது. ஆகவே உங்கள் மருமகன் தம் ஊருக்குள் ஓட்டும்வரை கட்டணம் இல்லை; விமான நிலையத்துக்குள் நுழையும் நாளில் உண்டு. கிறிஸ்துமஸ் நாளைத் தவிர, ஆண்டு முழுவதும் இரவு பகல் எந்நேரமும் இது நடைமுறையில் இருக்கும். விமான நிலைய வாசலில் ஆளை இறக்கிவிடுவதற்கு வாங்கும் கட்டணம் இதில் சேராது, அது தனி.

கம்பங்களில் உள்ள கேமராக்கள் எண் பலகையைப் படித்து, அந்த வண்டியின் பதிவு விவரத்தோடு ஒப்பிட்டுக்கொள்கின்றன. பணம் கட்டுவது ஓட்டுபவரின் பொறுப்பு. நீங்கள் மண்டலத்துக்குள் வந்துவிட்டீர்கள் என்று எவரும் நினைவூட்ட மாட்டார்கள். பயணம் செய்த நாளை அடுத்து வரும் மூன்றாம் நாள் நள்ளிரவுக்குள் கட்டிவிட வேண்டும். தவறினால் வண்டி யார் பெயரில் இருக்கிறதோ அவருக்கு 180 பவுண்டு அபராத அறிவிப்பு தபாலில் வரும். 14 நாட்களுக்குள் கட்டினால் அதில் பாதி போதும். ஒரு நாள் என்பது நள்ளிரவிலிருந்து நள்ளிரவு வரை என்பதைக் கவனியுங்கள். இரவு பதினொன்றரைக்கு உள்ளே நுழைந்து பன்னிரண்டரைக்கு வெளியேறினால் இரண்டு நாளுக்குரிய கட்டணம் ஆகிவிடும். விமானம் அந்த நேரத்தை ஒட்டி இறங்குமானால் மருமகன் சற்றுத் தாமதித்துக் கிளம்புவது நல்லது. மண்டலத்துக்குள் நிறுத்திவைத்து அன்று நகர்த்தாத வண்டிக்குக் கட்டணம் கிடையாது.

யூரோ என்பது வண்டிப் புகைக்கு ஐரோப்பா வைத்திருக்கும் தர வரிசை; எண் கூடக் கூட வரம்பு கடுமையாகும். பெட்ரோல் கார் யூரோ 4 தரத்திலும், டீசல் கார் யூரோ 6 தரத்திலும், இருசக்கர வாகனம் யூரோ 3 தரத்திலும் இருந்தால் ஒரு பைசா கட்ட வேண்டியதில்லை. பொதுவாக 2006-க்குப் பிறகு பதிவான பெட்ரோல் கார்களும் 2015 செப்டம்பருக்குப் பிறகு பதிவான டீசல் கார்களும் தப்பிவிடுகின்றன. 2013 டீசல் என்றால் பெரும்பாலும் யூரோ 5 ஆகத்தான் இருக்கும். கட்டியே ஆக வேண்டும். லண்டன் போக்குவரத்து நிறுவனத்தின் இணையதளத்தில் எண்ணை இட்டால் உடனே தெரிந்துவிடும். அந்தத் தளத்தைப் போலவே தோற்றம் தந்து கூடுதல் பணம் பறிக்கும் இடைத்தரகர் தளங்கள் தேடலில் முதலில் வந்து நிற்கும். முகவரியைச் சரிபார்த்த பிறகே அட்டை எண்ணைக் கொடுங்கள்.

நகரின் மையத்துக்குப் போவதானால் 2003 பிப்ரவரியிலிருந்து வசூலிக்கப்படும் நெரிசல் கட்டணமும் சேரும். அது இப்போது 18 பவுண்டு. அது புகைக்கானது அன்று, நெரிசலுக்கானது. ஆகையால் தரமான வண்டி என்ற காரணத்தால் அதிலிருந்து விடுபட முடியாது. 2026 முதல் மின்சாரக் கார்களுக்கும் முழு விலக்கு இல்லை.

எங்கள் பர்மிங்காமில் 2021 ஜூன் முதல் தூய காற்று மண்டலம் இருக்கிறது. மிடில்வே எனப்படும் வட்டச் சாலைக்கு உட்பட்ட பகுதி மட்டும்தான் அது, அந்தச் சாலை அதில் சேராது. தரம் குறைந்த காருக்கு நாளுக்கு 8 பவுண்டு, கனரக லாரிக்கும் பேருந்துக்கும் 50 பவுண்டு. பயணத்துக்கு ஆறு நாள் முன்பிலிருந்து ஆறு நாள் பின்பு வரை கட்டலாம். ஸ்காட்லாந்தில் முறையே வேறு: கிளாஸ்கோ மையத்துக்குள் தரம் குறைந்த வண்டி நுழைந்தாலே அபராதம், நாள் கட்டணம் கட்டிவிட்டு நுழையும் வழி அங்கே இல்லை. ஒரே நாட்டில் ஊருக்கு ஊர் விதி மாறுகிறது என்பதால், பயணம் கிளம்பும் முன் அந்தந்த ஊரின் விதியைப் பார்க்கும் பழக்கம் இங்குள்ள ஓட்டுநர்களுக்கு வந்துவிட்டது.

வாடகைக் கார் எடுப்பவர்களுக்கு ஒரு சொல். வண்டி பெரும்பாலும் புதியதாக இருக்கும், யூலெஸ் வராது. ஆனால் நெரிசல் கட்டணத்தைக் கட்டாமல் விட்டால் அறிவிப்பு வாடகை நிறுவனத்துக்குப் போகும். என் உறவினர் ஒருவருக்கு இப்படி நேர்ந்தபோது, அந்த நிறுவனம் அபராதத்துக்கு மேல் தன் பங்குக்கு ஒரு கையாளும் கட்டணத்தையும் அவருடைய அட்டையிலிருந்து எடுத்துக்கொண்டது. ஒப்பந்தத்தில் அதற்கு இடம் இருந்தது. அவர் அதைப் படித்திருக்கவில்லை.

சுங்கான்கடை வாசி எழுதியது:

மிக்க நன்றி மகளே. ஒன்று மட்டும் விளங்கவில்லை. 2007 பெட்ரோல் கார் கட்டணமின்றிப் போகலாம், அதைவிட ஆறு ஆண்டு புதிய டீசல் கார் கட்ட வேண்டும் என்றால், வயதைப் பார்க்கவில்லை என்றுதானே பொருள்?

வடசேரி ஒர்க்‌ஷாப் எழுதியது:

ஆமாம் அண்ணாச்சி, வயதைப் பார்க்கவில்லை. இந்த இழையில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம். நான் டீசல் எஞ்சின் வேலை செய்பவன் என்பதால் கணக்கோடு சொல்கிறேன்.

ஒரு கிலோமீட்டர் ஓட்டத்தில் கார் வெளியிட அனுமதிக்கப்பட்ட நைட்ரஜன் ஆக்சைடு என்ற மாசு வாயுவின் வரம்பு யூரோ 4 டீசலுக்கு 0.25 கிராம். யூரோ 6 டீசலுக்கு அது 0.08 கிராமாகக் குறைக்கப்பட்டது. யூரோ 4 பெட்ரோல் காருக்கு அன்றே இருந்த வரம்பு 0.08 கிராம். அதாவது பெட்ரோல் கார் 2006-இல் நின்ற இடத்துக்கு டீசல் கார் 2015-இல்தான் வந்து சேர்ந்தது. லண்டன் ஏன் பெட்ரோலுக்கு 4, டீசலுக்கு 6 என்று வைத்தது என்பதற்கு இதுதான் காரணம்.

நம் நாட்டில் யூரோவுக்கு ஈடாக இருப்பது பாரத் ஸ்டேஜ் எனப்படும் பி.எஸ். தரம். பிஎஸ்-4 நாடு முழுவதும் 2017 ஏப்ரலில் கட்டாயமானது. அதன்பின் ஐந்தைத் தாண்டி, 2020 ஏப்ரல் 1 முதல் நேரடியாக பிஎஸ்-6 வந்தது. எரிபொருளில் உள்ள கந்தகமும் பத்து லட்சத்தில் 50 பங்கு என்பதிலிருந்து 10 பங்காகக் குறைக்கப்பட்டது. அந்த டீசல் இல்லாமல் பிஎஸ்-6 வண்டியின் சைலன்சர் பகுதியில் உள்ள வடிகட்டியும், யூரியாக் கரைசல் தெளித்து நைட்ரஜன் ஆக்சைடைக் குறைக்கும் அமைப்பும் நெடுநாள் தாங்காது. ஆகவே 2019-இல் வாங்கிய டீசல் வண்டி புதுப்பொலிவோடு இருந்தாலும் தரத்தில் பிஎஸ்-4. ஆர்.சி. அட்டையை எடுத்துப் பாருங்கள். எந்தத் தரம் என்று அதிலேயே அச்சிட்டிருக்கும். நாளை நம் ஊரில் எந்த விதி வந்தாலும் அந்த ஒரு வரியை வைத்துத்தான் வரும்.

பிஎஸ்-6 லாரியும் வேனும் வைத்திருப்பவர்களில் சிலர் யூரியாக் கரைசல் செலவை மிச்சம் பிடிக்க அந்த அமைப்பையே செயலிழக்கச் செய்து தரும்படி கேட்டு வருகிறார்கள். நான் செய்வதில்லை. செய்துகொண்ட வண்டி ஆர்.சி.யில் பிஎஸ்-6 ஆகவும் சாலையில் பழைய வண்டியாகவும் ஓடுகிறது.

தக்கலை லாரி உரிமையாளர் எழுதியது:

தில்லிக்குச் சரக்கு ஏற்றும் லாரிகள் வைத்திருக்கிறேன். அங்குள்ள நிலவரத்தை எழுதுகிறேன்.

தில்லியில் முதலில் வந்தது வயதுக் கணக்கு. பத்து ஆண்டைக் கடந்த டீசல் வண்டியும் பதினைந்து ஆண்டைக் கடந்த பெட்ரோல் வண்டியும் தலைநகர்ப் பகுதியில் ஓடக் கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015-இல் உத்தரவிட்டது; 2018-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. 2025 ஜூலை 1 முதல் அத்தகைய வண்டிகளுக்குப் பெட்ரோல் பங்க்கில் எரிபொருளே கொடுக்கக் கூடாது என்று கேமரா பொருத்தினார்கள். மக்களின் எதிர்ப்பால் சில நாட்களிலேயே அதை நிறுத்திவைத்தார்கள். ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் வயதை மட்டும் காரணம் காட்டி நடவடிக்கை எடுக்கக் கூடாது என்றது. டிசம்பரில் அந்தப் பாதுகாப்பு பிஎஸ்-4-க்கும் அதற்கு மேற்பட்ட தரத்துக்கும் மட்டுமே என்று வரையறுத்தது. வடசேரி அண்ணாச்சி சொன்ன இடத்துக்கே, பத்து ஆண்டு சுற்றிவிட்டு, தில்லியும் வந்திருக்கிறது.

குளிர்காலத்தில் காற்றின் தரம் கெட்டுப்போகும்போது படிப்படியாகக் கட்டுப்பாடுகள் வரும். மூன்றாம் படியில் பிஎஸ்-3 பெட்ரோல் கார்களும் பிஎஸ்-4 டீசல் கார்களும் தில்லியிலும் குருகிராம், பரிதாபாத், காசியாபாத், நொய்டா பகுதிகளிலும் ஓட முடியாது. மாற்றுத்திறனாளிகள் தம் தேவைக்கு ஓட்டும் வண்டிக்கு விலக்கு உண்டு. சரக்கு வண்டிகளுக்கு 2015 முதல் சுற்றுச்சூழல் ஈட்டுக் கட்டணமும் இருக்கிறது. தில்லியில் சரக்கு இறக்காத லாரிகள் கிழக்கு, மேற்குப் புறவட்ட விரைவுச் சாலைகள் வழியே சுற்றிச் செல்லலாம். 2018-இல் இரண்டும் திறக்கப்பட்ட பிறகு இது எளிதாகிவிட்டது. நம் ஊர் டி.என்.74, டி.என்.75 வண்டிகளில் வடக்கே சுற்றுலா செல்பவர்கள் நவம்பர் முதல் ஜனவரி வரை அன்றாட அறிவிப்பைப் பார்த்துவிட்டு நகருக்குள் நுழையுங்கள்.

இனி என் எதிர்ப்பைச் சொல்கிறேன். ஒரு லாரியை நம்பி ஏழெட்டுக் குடும்பங்கள் இருக்கின்றன. கடன் முடியாத பிஎஸ்-4 வண்டி எத்தனையோ பேரிடம் இருக்கிறது. லண்டனில் பழைய காரை ஒப்படைத்தவருக்கு 2,000 பவுண்டு கொடுத்தார்கள். இங்கே வண்டியைக் கழிவுக்குக் கொடுத்தால் இரும்பு விலைதான் கையில் நிற்கும், புதிய வண்டி வாங்குபவருக்கு மட்டும் வரிச் சலுகை. புதிய வண்டி வாங்கவே வழியில்லாதவனுக்கு அந்தச் சலுகையால் என்ன பயன்? தென்கோடியில், கடல் காற்று வீசும் மாவட்டத்தில், தில்லிக்குரிய மருந்தைக் கொடுக்க வேண்டாம்.

மார்த்தாண்டம் கடைக்காரி எழுதியது:

லாரி அண்ணாச்சிக்கு வணக்கம். நீங்கள் சொல்லும் கடல் காற்று என் கடைக்குள் வருவதில்லை.

மார்த்தாண்டம் மேம்பாலத்தின் கீழே எங்களுக்குத் துணிக்கடை இருக்கிறது. காலையில் கண்ணாடி அலமாரியை வெள்ளைத் துணியால் துடைத்துவிட்டு மதியம் மறுபடி துடைத்தால் துணி கறுத்துவிடுகிறது. விரலால் தேய்த்தால் எண்ணெய்ப் பிசுபிசுப்போடு ஒட்டும் கறுப்பு அது, செம்மண் தூசி அன்று. 2018-இல் பாலம் திறந்தபோது நெடுந்தூர வண்டிகள் மேலே போய்விடும், கீழே காற்று தெளியும் என்று எல்லாரும் நம்பினோம். மேலே போவது போகட்டும், கீழே பேருந்துகளும் டெம்போக்களும் ஆட்டோக்களும் பாலத்தூண்களுக்கு இடையே ஊர்ந்துகொண்டே இருக்கின்றன. புகை மேலெழும்ப வழியில்லாமல் பாலத்தின் அடியிலேயே தங்குகிறது. என் மகனுக்கு இளைப்பு இருக்கிறது. பள்ளி விடுமுறையில் கடைக்கு வரும் நாட்களில் இரவில் அவனுக்கு மருந்து உறிஞ்சும் கருவி தேவைப்படுகிறது. பாட்டி வீட்டில், பேச்சிப்பாறைப் பக்கம் இருக்கும்போது தேவைப்படுவதில்லை. மருத்துவர் சொல்லும் முன்பே தாய்க்கு இது தெரிந்துவிடும்.

உங்கள் கடன் எனக்குப் புரிகிறது. நாங்களும் கடன் வாங்கித்தான் தொழில் செய்கிறோம். ஆனால் அந்தக் கடனின் ஒரு பகுதியை எங்கள் பிள்ளைகளின் நெஞ்சு அடைக்க வேண்டுமா?

ஆசாரிபள்ளம் மாணவி எழுதியது:

அக்கா சொன்னதற்குத் துணையாகச் சில விவரங்கள். சுற்றுச்சூழல் அறிவியல் படிக்கிறேன்.

நம் நாட்டில் 2009-இல் வகுத்த தேசியத் தர அளவின்படி, நுண்துகள் எனப்படும் பிஎம் 2.5 ஆண்டுச் சராசரியாகக் கன மீட்டருக்கு 40 மைக்ரோகிராம் வரை இருக்கலாம். உலகச் சுகாதார நிறுவனம் 2021-இல் பரிந்துரைத்த அளவு 5. நம் அளவுக்குள் இருக்கும் காற்று நல்ல காற்று என்று நிம்மதி கொள்ள முடியாது. டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012-இல் வகைப்படுத்தியது. லண்டனின் தென்கிழக்கே நெரிசலான சாலை அருகில் வாழ்ந்த எலா அடூ-கிஸ்ஸி-டெப்ரா என்ற ஒன்பது வயதுச் சிறுமி 2013-இல் ஆஸ்துமாவால் இறந்தாள். அவளுடைய இறப்புக்குக் காற்று மாசும் ஒரு காரணம் என்று 2020 டிசம்பரில் மரண விசாரணை அதிகாரி தீர்ப்பளித்தார். அந்நாட்டில் அப்படி ஒரு தீர்ப்பு வந்தது அதுவே முதல் முறை. அவளுடைய தாய் பல ஆண்டு போராடியதால் கிடைத்த தீர்ப்பு அது.

கடல் காற்றைப் பற்றி: ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகவும் கடலிலிருந்தும் காற்று வீசுவதால், முப்பந்தலில் காற்றாலைகள் நிற்கும் மாவட்டம் இது. மாவட்டம் முழுமைக்குமான சராசரியில் அது உதவும். ஆனால் இருபுறமும் மாடிக் கட்டடங்கள் நெருங்கி நிற்கும் தெருவிலும் பாலத்தின் அடியிலும் நின்று மூச்சுவிடுபவருக்குச் சராசரி உதவாது. மண்டலம் என்ற கருத்தே அதனால்தான் நகரத்தின் ஒரு பகுதிக்கு மட்டும் வகுக்கப்படுகிறது.

பலன் உண்டா என்றால், யூலெஸ் இல்லாதிருந்தால் இருந்திருக்கக்கூடிய அளவைவிட லண்டன் சாலையோர நைட்ரஜன் டை ஆக்சைடு 27 சதவீதம் குறைந்திருப்பதாக அம்மாநகர நிர்வாகம் 2025-இல் வெளியிட்ட அறிக்கை மதிப்பிடுகிறது.

வடசேரி ஒர்க்‌ஷாப் எழுதியது:

மாணவி சொன்னது சரி. மார்த்தாண்டம் சகோதரிக்கு ஒன்றைச் சேர்க்கிறேன்: அந்தக் கறுப்பில் டீசல் கரியோடு டயர் தேய்மானமும் பிரேக் துகளும் கலந்திருக்கும். எல்லா வண்டியும் நாளைக்கே மின்சாரமாக மாறினாலும் நின்று நின்று ஊரும் நெரிசல் அப்படியே இருந்தால் அந்தப் பங்கு போகாது. ஆகவே நெரிசலையும் சேர்த்துத்தான் பேச வேண்டும்.

இன்னும் பெரிய ஓட்டை புகைச் சான்றிதழில் இருக்கிறது. செல்லத்தக்க சான்றிதழ் இல்லாமல் ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டம் 190(2) பிரிவின்படி பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், மூன்று மாதம் வரை சிறை, ஓட்டுநர் உரிமத்துக்கு மூன்று மாதத் தடை. சட்டம் கடுமையானது. சோதனை அப்படி இல்லை. டீசல் வண்டியை முறையாகச் சோதிப்பதென்றால் எஞ்சின் நன்றாகச் சூடேறியிருக்க வேண்டும். கியர் போடாமல் ஆக்சிலேட்டரை ஒரே மிதியில் கடைசிவரை மிதித்து, சைலன்சருக்குள் செருகிய குழாய் வழியே வரும் புகையின் அடர்த்தியை ஒரு முறைக்குப் பல முறை அளக்க வேண்டும். பழைய வண்டிக்கு 65 அலகு, பிஎஸ்-4-க்கு 50 அலகு வரை அனுமதி. நாகர்கோவிலுக்கு வெளியே ஒரு மையத்தில் என் வாடிக்கையாளரின் வேனை எஞ்சினை அணைத்தபடியே நிறுத்தி, எண் பலகையைப் புகைப்படம் எடுத்துக்கொண்டு சான்றிதழ் அச்சிட்டுக் கொடுத்தார்கள். குழாயை யாரும் தொடவில்லை. அந்த வேனை அதே வாரம் நான் பிரித்தபோது இன்ஜெக்டர்கள் இரண்டு ஒழுகிக்கொண்டிருந்தன.

மேலும், முறைப்படி செய்தாலும் அந்தச் சோதனை கரும்புகையை மட்டுமே அளக்கிறது. லண்டனில் எந்த வாயுவுக்காக டீசலை மடக்குகிறார்களோ அந்த நைட்ரஜன் ஆக்சைடை நம் சோதனை அளப்பதே இல்லை.

அகஸ்தீஸ்வரம் வேன் ஓட்டுநர் எழுதியது:

கன்னியாகுமரியில் சுற்றுலா வேன் ஓட்டுகிறேன். 2018 மாடல், பிஎஸ்-4. தடை என்று வந்தால் முதல் அடி எங்களுக்குத்தான். ஆயினும் அங்கே நடப்பதைத் தினமும் பார்ப்பவன் என்ற முறையில் மறைக்காமல் சொல்கிறேன்.

கார்த்திகை தொடங்கியதும் சபரிமலை சென்று திரும்பும் ஐயப்ப பக்தர்களின் பேருந்துகளும் வேன்களும் ஆந்திரம், தெலங்கானா, கர்நாடகம் எங்கிருந்தெல்லாமோ வருகின்றன. தை வரை அந்தக் கூட்டம் ஓயாது. கண்ணாடிப் பாலம் 2024 டிசம்பர் இறுதியில் திறந்த பிறகு மற்ற மாதங்களிலும் கூட்டம் கூடிவிட்டது. சூரிய உதயத்துக்கு முன்பே கடற்கரைச் சாலையில் வண்டிகள் வரிசை கட்டும். ஏ.சி. பேருந்துகள் ஆட்களை இறக்கிவிட்டு, ஓட்டுநர் உறங்குவதற்காக எஞ்சினை ஓடவிட்டபடியே மணிக்கணக்கில் நிற்கும். கடலைப் பார்க்க வரும் முதியவர்கள் அந்தப் புகையின் ஊடாகவே நடக்கிறார்கள். அம்மன் கோயில் சன்னதித் தெருவுக்குள் கார் நுழைந்துவிட்டால் பிறகு பின்வாங்கவும் முடியாது, முன்னேறவும் முடியாது.

ஆகவே எனக்குத் தடையைவிட முதலில் தேவையாகத் தெரிவது, நின்றால் எஞ்சினை அணைக்க வேண்டும் என்ற கட்டளையும், அதைப் பார்த்து அபராதம் போட ஒரு ஆளும். இதற்கு யாரும் புது வண்டி வாங்க வேண்டியதில்லை. அடுத்து, பெரிய வாகனங்களை ஊருக்கு வெளியே நிறுத்திவிட்டு பேட்டரி வண்டியில் அழைத்துச் செல்லும் ஏற்பாடு. தாஜ்மகாலைச் சுற்றி ஐந்நூறு மீட்டருக்குள் பெட்ரோல், டீசல் வண்டி கிடையாது. பேட்டரி வண்டியில் போகிறார்கள், இல்லையேல் நடக்கிறார்கள். அதனால் ஆக்ராவுக்கு ஆள் வருவது நின்றுவிடவில்லை. பேட்டரி வண்டி ஓட்டும் உரிமையை வெளியூர் நிறுவனத்துக்கு ஒப்பந்தமாக விடாமல், இப்போது இங்கே ஆட்டோவும் வேனும் ஓட்டுபவர்களுக்கே கொடுத்தால் நாங்களே முன்னின்று நடத்துவோம்.

குளச்சல் வாசகர் எழுதியது:

இ-பாஸ் முறையை யாரும் இன்னும் எடைபோடவில்லை. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் அது வந்தது. 2025 ஏப்ரலில் ஊட்டிக்கு வார நாட்களில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 என்றும், கொடைக்கானலுக்கு 4,000, 6,000 என்றும் உச்சவரம்பு வைத்தார்கள். அது எண்ணிக்கைக் கட்டுப்பாடுதான். வண்டியின் புகைத் தரத்தை அளவுகோலாக வைத்த முறை அன்று அது. மலைப்பாதையில் சோதனைச் சாவடி வைக்கலாம். கன்னியாகுமரிக்கும் நாகர்கோவிலுக்கும் எத்தனை திசையிலிருந்து சாலை வருகிறது? நமக்கு அந்த முறை ஒத்துவராது என்பது என் கருத்து.

ஜெர்மனியில் வேறு விதம். 2008 முதல் பல நகரங்களின் மண்டலங்களுக்குள் நுழையக் கண்ணாடியில் வில்லை ஒட்டியிருக்க வேண்டும்; இப்போது பெரும்பாலும் பச்சை வில்லைக்கு மட்டுமே நுழைவு, மீறினால் 100 யூரோ. காற்று சீரானதும் சில நகரங்கள் அந்த மண்டலத்தை எடுத்தும்விட்டன. நம் நாட்டிலும் தில்லிப் பகுதியில் பெட்ரோலுக்கு வெளிர்நீலம், டீசலுக்கு ஆரஞ்சு என்று வில்லை ஒட்டும் முறை இருக்கிறது. கேமரா வாங்கப் பணம் இல்லாத நகராட்சிக்கு வில்லை போதும்.

இன்னொன்று: மீன் ஏற்றும் வண்டிகளுக்கு விலக்கு வேண்டும். குளச்சல், தேங்காய்ப்பட்டணம், முட்டம், சின்னமுட்டம் எங்கிருந்து கிளம்பினாலும் மீன் காத்திருக்காது.

தக்கலை லாரி உரிமையாளர் எழுதியது:

மார்த்தாண்டம் சகோதரி கேட்ட கேள்விக்கு நேரடியாகப் பதில் சொல்கிறேன். பிள்ளைகள் அடைக்கக் கூடாது. அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

ஆனால் லாரி ஏன் தக்கலைக்குள்ளும் மார்த்தாண்டத்துக்குள்ளும் வருகிறது? களியக்காவிளையைத் தாண்டிக் கேரளத்துக்குப் போகும் கல்லும் மணலும் ஏற்றிய டாரஸ் லாரிகளுக்கு வேறு வழி இல்லை. நான்குவழிச் சாலைப் பணி பல ஆண்டுகளாக இழுத்துக்கொண்டே போகிறது. தில்லியில் புறவட்டச் சாலையைத் திறந்த பிறகு லாரிகளை வெளியே திருப்பினார்கள். இங்கே சாலையைக் கொடுக்காமல் தடையை மட்டும் கொடுத்தால் வண்டிகள் கிராமத்துக்குள்ளே, பள்ளிக்கூட வாசல் வழியே சுற்றிப் போகும். புகை இடம் மாறும், குறையாது.

அரசுப் பேருந்துகளையும் கணக்கில் எடுக்க வேண்டும். சென்னையில் 2025 ஜூன் முதல் மின்சாரப் பேருந்து ஓடுகிறது. திருவனந்தபுரத்து நகர வழித்தடங்களிலும் ஓடுகிறது. நாகர்கோவில் அண்ணா பேருந்து நிலையத்துக்கும் வடசேரிக்கும் இடையே ஓடும் பேருந்துகளில் பத்தையாவது மின்சாரமாக்கிவிட்டு எங்களிடம் வாருங்கள். மண்டலத்துக்குள் தனியார் வண்டி வரக் கூடாது, அரசு வண்டி கரும்புகையோடு வரலாம் என்றால் எவரும் ஏற்க மாட்டார்கள்.

பள்ளி தொடங்கும் நேரத்திலும் விடும் நேரத்திலும் கனரக வண்டி ஊருக்குள் வரக் கூடாது என்றால் எனக்கு உடன்பாடே. இரண்டு மணி நேரம் ஓரமாக நிறுத்திக் காத்திருக்க இடம் மட்டும் ஒதுக்கித் தர வேண்டும்.

பர்மிங்காம் செவிலி எழுதியது:

முதலில் மாற்று வழி, பிறகு தடை என்று லாரி அண்ணன் சொன்ன வரிசை இங்கும் பெரிய சண்டையாகவே இருந்தது. 2023-இல் லண்டன் விரிவாக்கத்தை எதிர்த்து ஐந்து உள்ளூராட்சிகள் உயர் நீதிமன்றம் சென்று தோற்றன. கேமராக்களை உடைத்தார்கள், கம்பிகளை அறுத்தார்கள். புறநகரில் பேருந்து குறைவு, இரவுப் பணிக்குப் போகும் செவிலியரும் துப்புரவாளரும் பழைய காரைத்தான் நம்பியிருக்கிறார்கள் என்பதே அவர்களின் முக்கியக் குறை; அது நியாயமான குறை. பழைய வண்டிக்கு ஈடு கொடுக்கும் திட்டத்தை முதலில் சிலருக்கு மட்டும் என்று வைத்து, எதிர்ப்பு முற்றிய பிறகே எல்லா லண்டன்வாசிகளுக்கும் விரித்தார்கள். முதலிலேயே அப்படிச் செய்திருந்தால் பாதிக் கசப்பு இருந்திருக்காது என்பது என் எண்ணம்.

மார்த்தாண்டம் கடைக்காரி எழுதியது:

அண்ணாச்சி, பள்ளி நேரத்துக்கு நீங்கள் ஒப்புக்கொண்டது எனக்குப் போதும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு, பொதுமக்களின் பாதுகாப்புக்காகக் குறிப்பிட்ட சாலையில் குறிப்பிட்ட வகை வண்டியைக் கட்டுப்படுத்தும் அதிகாரத்தை மாநில அரசுக்கும் அது அனுமதிக்கும் அதிகாரிக்கும் கொடுக்கிறது. புதிய சட்டம் எதுவும் வேண்டியதில்லை. வரும் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்துக்கு எங்கள் வியாபாரிகள் சிலர் மனுவோடு போகிறோம். மேம்பாலத்தின் கீழ்ச்சாலையில் பள்ளி நேரங்களில் கனரக வண்டிக்குத் தடை, அவை காத்திருக்க ஊருக்கு வெளியே இடம், நின்ற வண்டி எஞ்சினை அணைக்க வேண்டும் என்ற அறிவிப்பு, மீன் வண்டிக்கும் ஆம்புலன்சுக்கும் விலக்கு. இவ்வளவும் எழுதியிருக்கிறோம். தக்கலையிலிருந்து நீங்களும் கையெழுத்திட்டால், இது கடைக்காரர்களின் மனு மட்டும் அன்று என்று தெரியும்.

தக்கலை லாரி உரிமையாளர் எழுதியது:

இடுகிறேன். சங்கத்தில் வேறு சிலரிடமும் பேசிவிட்டு ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்கிறேன்.

வடசேரி ஒர்க்‌ஷாப் எழுதியது:

மனுவில் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள் சகோதரி. புகை அளக்கும் கருவியோடு வட்டாரப் போக்குவரத்து அலுவலர் மாதம் ஒரு முறையாவது சாலையோரத்தில் நின்று, சான்றிதழைக் கேட்பதோடு நில்லாமல், அரசுப் பேருந்து உட்பட எல்லா டீசல் வண்டியின் புகையையும் அங்கேயே அளக்க வேண்டும் என்று எழுதுங்கள். எஞ்சினைச் சூடாக்காமல் அளந்தால் அளவு தவறும், அதையும் எழுதுங்கள். அளக்கும் நாளில் கூப்பிட்டால் நான் வந்து நிற்கிறேன்.